அப்பா மூடிக்கொண்டே இருந்த டெர்மினல்

என் அப்பா கேப்ரியலும் என் தம்பி கீத்தும் ஈஸ்டரிலிருந்து பேசிக்கொள்வதில்லை. கீத் வீட்டில் சொல்லாமல் ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு ஜோகூருக்குப் போய்விட்டான். இரண்டு பேருக்கும் நடுவில் தூது போவது நான்தான். என் தலையெழுத்து.

அப்பா லாபு எஸ்டேட்டில் செம்பனைப் பழக்குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது எங்கள் சிற்றாலயத்தில் பாடும் பாட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் சேர்த்து வைக்கிறார். அவற்றைத் தேடி எடுக்கும் புரோகிராமை எழுதிக் கொடுத்ததே கீத்தான். போன வாரம் ராசா டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரன், சுத்தம் செய்கிறேன் என்று கீத் போட்டு வைத்த அமைப்பையெல்லாம் துடைத்துவிட்டான். பாட்டு இருக்கும் ஃபோல்டர் தெரியவில்லை என்று புரோகிராம் நின்றுவிடுகிறது.

நான் கீத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“அக்கா, டெர்மினல, அந்தக் கறுப்பு ஜன்னல, தொறக்கச் சொல்லு. ஃபோல்டர் எங்க இருக்குன்னு ஒரு வரி அடிக்கணும். முன்னால எக்ஸ்போர்ட்னு போடணும்.”

“தொறந்தாச்சுன்னு சொல்லு,” என்றார் அப்பா. போன் அவர் மூக்குக்கு நேரே இருந்தது.

ஒவ்வொரு எழுத்தாக அவன் சொல்ல, நான் திருப்பிச் சொல்ல, அவர் ஒற்றை விரலால் அடித்தார்.

“ஓடலன்னு சொல்லு.”

“சரியா அடிச்சாரான்னு கேளு.”

“நான் என்ன சின்னப் புள்ளயான்னு கேளு!”

மறுபடி அடித்தார். மறுபடி ஓடவில்லை. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்தது. நன்றாகக் காது கேட்கிற இரண்டு பேருக்கு நடுவே கிளிப்பிள்ளையாக நிற்கவா என்னைப் பெற்றார்கள் என்று பற்றிக்கொண்டு வந்தது.

அப்போதுதான் அவர் கையைக் கவனித்தேன். வரியை அடித்து முடித்ததும் டெர்மினலை மூடினார். பிறகு புதிதாக ஒன்றைத் திறந்து, அதில் புரோகிராமை ஓட்டினார்.

“ஏன்ப்பா மூடுறீங்க?”

“வேல முடிஞ்சா எஞ்சின ஆஃப் பண்ண வேணாமா? ஆயுசுக்கும் லோரி ஓட்டுனவன் லா.”

கீத் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் போனில் கேட்டது. “ஐயோ, மூடுனா அடிச்சதெல்லாம் போயிரும்க்கா! அது தொறந்து இருக்கற வரைக்கும்தான் ஞாபகம் வச்சிருக்கும்!”

“அத மொதல்லயே சொல்றதுக்கு என்னடா, அறிவு கெட்டவனே!”

அப்பா என்னிடம் சொல்லவில்லை. போனைப் பார்த்து நேராகவே திட்டிவிட்டார்.

“நீங்க மூடுவீங்கன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்,” என்றான் கீத்.

அப்பா மூடாமல் ஓட்டினார். பாட்டெல்லாம் வந்து நின்றது.

“அப்பா, இந்த வரிய ஒரு ஃபைல்ல எழுதி வச்சிட்டா தெனம் அடிக்க வேணாம். நிரந்தரமா இருக்கும். சொல்லவா?” என்றான் கீத்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி இந்தத் தொல்லை இல்லை.

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “வேணாம்,” என்றார். “நாளைக்குக் கம்ப்யூட்டர தொறக்கறப்போ போன் பண்றேன். நீ சொல்லு, நான் அடிக்கிறேன்.”

“எத்தன மணிக்குப்பா?” என்றான் கீத்.