இருபது புள்ளி ஒன்று

வேதியியல் செய்முறைத் தேர்வில் முதல் தடவை இருபது புள்ளி இரண்டு மில்லி வந்தது. அடுத்த இரண்டு தடவையும் இருபது புள்ளி ஒன்று. ப்யூரெட்டை, அந்த நீளமான அளவுக் கண்ணாடிக் குழாயை, கண் மட்டத்துக்குக் குனிந்து மறுபடி பார்த்தேன். அதேதான்.

பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள். வாய் ஓயாது என்பதால் வகுப்பில் அவளுக்கு ரேடியோ என்று பெயர்.

"அக்கா, என்ன எழுதியிருக்கீங்க? பதினெட்டு புள்ளி நாலு, அக்கா."

"எனக்கு இருபது வருது."

"வர்றதையா எழுதுவாங்க? லேப் அண்ணன் சொன்னதை எழுதுங்க. எங்க அண்ணன் அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதைத்தான் எழுதிப் பாஸ் பண்ணான்."

அந்தக் கல்லூரியில் வழக்கம் அதுதான். கரைசல்களைத் தயாரிக்கும் ஆய்வக உதவியாளர், அந்த லேப் அண்ணன், ஒவ்வொரு வருடமும் அதே உப்பை அதே எடைக்கு நிறுத்துப் போடுவார். அதனால் விடையும் அதேதான். செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் ஒருவர் காதில் சொல்வார்; மறுநாள் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் குடுவையைக் கழுவுவார்கள், ஊதா நிறக் கரைசலைக் கொஞ்சம் திறந்து விடுவார்கள், பதினெட்டு புள்ளி நான்கு என்று எழுதுவார்கள். திருத்துபவர் கையில் துறை கொடுத்த தாளிலும் அதே எண். ஒரு மில்லி தள்ளிப் போனால் தேர்ச்சி கிடையாது.

இந்த வருடம் ஒன்று மட்டும் மாறியிருந்தது. போன மாதம் பழைய தராசை எடுத்துவிட்டுப் புதியது வைத்தார்கள். இத்தனை வருடமும் தப்பாக நிறுத்தது பழைய தராசாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அது ஊகம். கையில் இருந்த ஆதாரம் மூன்று அளவுகள் மட்டும்.

எனக்கு முப்பத்தாறு வயது. இருபதில் கல்யாணத்துக்காக விட்ட படிப்பு இது. பதினாறு வருடம் கழித்து, பழைய பாடத்திட்டத்தில் முடிக்க ஒரே ஒரு வருடம் அனுமதி கொடுத்திருந்தார்கள். இந்தச் செய்முறைத் தேர்வில் தவறினால் கல்யாணத்துக்கு முன் எழுதித் தேறிய பாடங்களும் செல்லாது. மருந்துக்கடை வேலையை அரை நாளாகக் குறைத்துக்கொண்டு வந்திருந்தேன். "இந்த வயசுல பட்டம் வாங்கி, மொட்டை மாடியில நின்னு விடப் போறியா?" என்று என் கணவர் கேட்டபோது புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். எனக்குச் சட்டென்று பதில் வராது.

அழிப்பானை எடுத்தேன். தாளில் வைத்தும்விட்டேன்.

தாத்தா நினைவுக்கு வந்தார். அவர் பார்சல் அலுவலகத்தில் எடை போட்டவர். சொந்த மருமகன் மூட்டையில் இரண்டு கிலோவைக் குறைத்து எழுதச் சொன்னதற்கு, "முள்ளு நிக்கிற இடத்தைத்தான் எழுதுவேன் மாப்பிள்ளை, உங்க முகத்தை எழுத முடியாது" என்றாராம். மாமா பதினோரு வருடம் அவரோடு பேசவில்லை. தாத்தாவும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவன் பேசினா தலைவலி" என்பார். வீட்டில் யார் பிடிவாதம் பிடித்தாலும் "அப்படியே தாத்தா" என்று திட்டுவார்கள். அதிகம் வாங்கியவள் நான்தான். எனக்கு அது திட்டாகவே பட்டதில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அப்பா கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதினார். உடல்நலக் குறைவால் மகள் படிப்பைத் தொடர இயலவில்லை என்று. தாத்தா அதை வாங்கிப் படித்தார்.

"யாருக்குடா உடம்பு சரியில்லை?"

"யாருக்கும் இல்லப்பா. சும்மா ஒரு காரணம்."

"அப்ப கல்யாணம்னு எழுது."

"எழுதினா நல்லாவா இருக்கும்?"

"நல்லா இல்லைன்னா பண்ணாதே."

கல்யாணம் நடந்தது. மேடையில் யாரோ, "பேத்தி கல்யாணம், சந்தோஷம்தானே பெரியவரே?" என்று கேட்டார்கள். தாத்தா கொஞ்சம் யோசித்து, "பாதி" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த பரிசுகளில் எதுவும் இப்போது நினைவில்லை. அந்தப் பாதி இருக்கிறது.

அழிப்பானைக் கீழே வைத்தேன். தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பத்து நிமிடத்தில் ஆசிரியர் என் மேசைக்கு வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், நல்லவர்தான். தாளை என் முன் வைத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"இருபத்து மூணு பேருக்கு ஒரு விடை. உங்களுக்கு மட்டும் வேறயா? மாத்திக் குடுங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"மாத்த மாட்டேன் சார்."

சொன்னபிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது.

"ஃபெயில் ஆயிடுவீங்க."

"எனக்கு வந்தது இதான் சார்."

கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்க வேண்டும். வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்திருந்த அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுந்து வந்தார். தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என் முன்னாடி ஒரு தடவை செய்ங்கம்மா."

இரும்பு உப்புக் கரைசலை அளந்து குடுவையில் விட்டேன், அமிலம் சேர்த்தேன், ப்யூரெட்டைத் திறந்தேன். பத்தொன்பதுக்கு மேல் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஊதா விழுந்து விழுந்து மறைந்தது. வகுப்பு முழுக்க எழுந்து நின்று பார்த்தது. பதினெட்டு புள்ளி நான்கு எப்போதோ தாண்டிப் போயிருந்தது. கடைசிச் சொட்டில் இளஞ்சிவப்பு நின்றது, குலுக்கியும் போகவில்லை.

தேர்வாளர் குனிந்து படித்தார். "இருபது புள்ளி ஒண்ணு."

பிறகு நிமிர்ந்து வகுப்பைப் பார்த்தார். "அப்ப உங்க எல்லாருக்கும் பதினெட்டு புள்ளி நாலு எங்கேர்ந்து வந்துச்சு?"

லேப் அண்ணன் கதவோரம் நின்று குழாய்களை எண்ணிக்கொண்டிருந்தார். கடைசியில் ரேடியோதான் சொன்னாள்: "பரம்பரையா வருது மேடம்."

தேர்வாளருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு. எல்லாரும் குடுவையில இருக்கிறதைக் கொட்டிட்டு முதல்லேர்ந்து செய்ங்க. செய்யாதவங்க தாளை நான் வாங்க மாட்டேன்."

"நல்லா மாட்டி விட்டீங்கக்கா" என்று பின்னாலிருந்து ஒருவன் சொன்னான்.

திரும்பினேன். "நான் மாட்டி விடல. நீ செஞ்சு பாக்காம எழுதினே. குடுவையைக் கழுவு."

அவன் கழுவினான். ரேடியோவுக்குப் பிப்பெட் என்ற உறிஞ்சு குழாயைச் சரியாகப் பிடிக்கத் தெரியவில்லை. மூன்று வருடமாக அந்த ஆய்வகத்துக்கு வந்தவள். "அக்கா, இதை எது வரைக்கும் இழுக்கணும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். தேர்வில் பேசக் கூடாது என்பதால் தேர்வாளரைக் கை காட்டினேன். போய் அவரையே கேட்டாள்.

தேர்வாளர் துறைத் தாளில் பதினெட்டு புள்ளி நான்கை அடித்துவிட்டு மேலே இருபது புள்ளி ஒன்று என்று எழுதிக் கையெழுத்திட்டார். என் தாளில் மதிப்பெண்ணைப் போட்டார். தலைகீழாகத் தெரிந்தாலும் என்னால் படிக்க முடிந்தது. தேறியிருந்தேன். தேவைக்கு மேலேயே.

வெளியே போகும்போது ஆசிரியர் கதவருகில் நிறுத்தினார். அவர் முகம் சிவந்திருந்தது.

"துறைக்கே அவமானமாப் போச்சு. என்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாம். அடுத்த தடவையாவது கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க."

"அடுத்த தடவை எனக்குக் கிடையாது சார்" என்றேன். "இருந்தாலும் இதைத்தான் எழுதுவேன்."