உப்பின் கடைசிப் பயனாளி

துபாய்க்குப் போக வேண்டிய நாற்பது டன் உப்பு மரக்காணத்து அளத்துக் கரையிலேயே கிடந்தது. 2005, ஐப்பசி பிறந்துவிட்டது. மழை இறங்கினால் பஷீர் அஹமதுவின் ஒரு வருஷ விளைச்சல் வந்த கடலுக்கே திரும்பிவிடும்.

தடுத்து நிறுத்தியது ஒரு படிவம். அணு ஆயுதம் பரவாமல் பார்த்துக்கொள்வதாக நம் நாடு உலகத்துக்கு உறுதி சொன்ன வருஷம் அது. அந்தப் பொறுப்பில் ஒரு பங்கை, யாரும் கேட்காமலே, புதுச்சேரியில் ஏற்றுமதிக் காகிதம் பார்க்கும் தெய்வசிகாமணி எடுத்துக்கொண்டார். ஊறுகாய்க்கும் ஊதுவத்திக்கும்கூட உறுதிமொழி வாங்கினார்.

"கடைசிப் பயனாளி யாருன்னு கேட்டா துபாய் பார்ட்டி பேரப் போட்டுட்டுப் போவ வேண்டியதுதானே பாய்?"

"உண்மையத்தான சார் எழுதினேன். அவரு நம்ம உப்புல கருவாடு போடுறாரு. கருவாடு லாஞ்ச் படகுல ஈரானுக்குப் போவுது."

"ஈரான்!" தெய்வசிகாமணி எழுந்து கதவைச் சாத்தினார். "போன மாசம்தான் வியன்னாவுல அணுசக்திக் கூட்டத்துல அவங்களுக்கு எதிரா ஓட்டுப் போட்டிருக்கோம். பேப்பர் படிக்கிறதில்லையா?"

"கருவாட்டுல எப்பிடி சார் குண்டு செய்வாங்க?"

"அத நான் சொல்லக் கூடாது." தெரியாததைச் சொல்லாமல் இருக்க அவருக்கு அவ்வளவு கம்பீரம் தேவைப்பட்டது. "டெல்லிக்கு எழுதியிருக்கேன். பதில் வர்ற வரைக்கும் சரக்கு நகரக் கூடாது."

பதினோரு நாள் பஷீர் புதுச்சேரி பஸ்ஸில் போய் வந்தார். அளத்தில் உப்பு வாரும் வசந்தா தினமும் விசாரித்தாள்.

"இன்னா பாய், நம்ம உப்பு குண்டா இல்லியான்னு முடிவாயிடுச்சா?"

"இல்லம்மா."

"இருவது வருசமா அதுலதான் நின்னுனுக்கீறேன். வெடிச்சா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன்."

பன்னிரண்டாம் நாள் மழை பிடித்தது. இருவரும் உப்பு அம்பாரத்தின் மேல் தார்ப்பாய் விரித்துக் கல் வைத்தார்கள். தண்ணீர் கீழேயிருந்து வந்தது. பக்கத்துக் கழுவெளி ஏரி பொங்கிக் கரையை உடைத்தது. மூன்றாம் நாள் தார்ப்பாய் தரையோடு படிந்து கிடந்தது. ஒரு கல்கூட நகரவில்லை.

மறுவாரம் தெய்வசிகாமணி போன் செய்தார்.

"பாய், கங்கிராட்ஸ்! கருவாட்டால ஆபத்தில்லன்னு வந்துடுச்சு. ஒரே ஒரு ஃபாரம் பாக்கி. சரக்கு இப்ப எங்க இருக்குது?"

"கடல்ல."

மறுமுனையில் பேனா கீறும் சத்தம் கேட்டது.

"எந்த நாட்டுக் கடல்?"

பஷீர் போனை வைத்துவிட்டுத் தார்ப்பாயை மடிக்கப் போனார். வசந்தா ஏற்கெனவே ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.