பதினைந்து கோடி எப்படிப் பின்னால் போகும்

வினோஜாவுக்கு மாப்பிள்ளையின் முகம் கண்ணிலேயே படவில்லை. கலியாணப் புரோக்கர் சிவராசா கைபேசியை நீட்டியதும், மாப்பிள்ளை சாய்ந்து நின்ற காரைப் பார்த்துத்தான் அவள் திடுக்கிட்டாள். இத்தாலிக்காரன் புதிதாக விட்டிருக்கிற ஹைபிரிட் சூப்பர்கார். போன கிழமைதான் அதைக் கிழிகிழியென்று கிழித்து முகநூலில் எழுதியிருந்தாள்.

முல்லைத்தீவில் ஒரு வாகன உதிரிப்பாகக் கடையில் பழைய ஹைபிரிட் கார்களுக்குப் பற்றரி விற்பது அவளுடைய வேலை. பின்னேரம் பஸ்ஸில் முள்ளியவளை வீட்டுக்கு வந்து சேர்ந்தால் ‘சில்லும் சத்தமும்’ என்ற முகநூல் குழுவில்தான் குடியிருப்பு. வவுனியாவிலிருந்து ரொறன்ரோ வரைக்கும் உள்ள கார்ப்பைத்தியங்கள் எல்லாம் அங்கே உண்டு. இந்தக் கார் வந்த நாளிலிருந்து ஒரே அடிபாடு. பழைய இஞ்சினின் சத்தம் போனபிறகு அது காரே இல்லை, தேங்காய்ப்பால் அடிக்கிற கிரைண்டர் என்றான் ஒருவன். ஆயிரம் குதிரைவலு கையில் இருக்க உனக்கேன் சத்தம் என்றான் இன்னொருவன். விலையைக் கேட்டு மட்டும் இரண்டு கட்சியும் ஒன்றாக வாயைப் பிளந்தன. வினோஜா எழுதியது இதுதான்: பற்றரியில் மட்டும் ஓடினால் இருபத்தைந்து கிலோமீற்றர். முள்ளியவளையிலிருந்து முல்லைத்தீவுக்கு ஒருக்காப் போய்வரச் சரி. அதற்குப் பதினைந்து கோடியா?

படத்தில் நின்றவன் பெயர் கோகுலன். சூரிச்சில் கார்க் கம்பனியில் வேலை, கார் அவனுடையதுதான் என்று சிவராசா அடித்துச் சொன்னார். சாதகக் குறிப்பும் பொருந்தியிருந்தது. அப்பா தில்லைநாதனிடம் குமுழமுனையில் ஐந்து ஏக்கர் வயல் இருந்தது. வீட்டுச் சோறு முழுக்க அதிலிருந்துதான் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் சீதனமாக மூன்று ஏக்கர் கேட்டார்கள். அப்பா இரண்டில் நின்றார்.

வயலைக் கொடுக்க வினோஜாவுக்கு மனமில்லை. இந்தப் பேச்சை இப்போதே முறித்துவிட வேண்டும் என்று நினைத்து, அப்பாவிடம் காரின் விலையை உடைத்துச் சொன்னாள். பதினைந்து கோடி. இங்கே இறக்கினால் வரியோடு அதைப்போல் மூன்று மடங்கு. கம்பனியில் வேலைசெய்கிற ஒருத்தனால் இதை வாங்கவே ஏலாது, படத்தில் நிற்கிறவன் ஆரோ ஒருவருடைய காருக்குப் பக்கத்தில் நிற்கிறான் என்றாள்.

தில்லைநாதன் கதிரையில் பொத்தென்று இருந்தார். விலை மட்டும்தான் அவருடைய காதில் விழுந்திருந்தது. நெல்லுக்கு ஒரு மூட்டைக்கு நூறு ரூபாய் கூட்டக் கேட்டு நாள்முழுக்கக் கத்துகிற மனிசன். தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சிவராசாவுக்கு அழைப்பெடுத்தார்.

“தம்பி, அஞ்சு ஏக்கரையும் எழுதித் தாறன் எண்டு சொல்லும். பதினைஞ்சு கோடிக்குக் கார் வச்சிருக்கிற பொடியனுக்கு ரெண்டு ஏக்கரைக் காட்டினா எங்களுக்குத்தான் வெக்கம்.”

 வாய் திறந்து சொன்ன தன்னுடைய நாக்கை அறுக்க வேண்டும் போலிருந்தது வினோஜாவுக்கு. அன்றிரவு சாப்பிடவும் மனம் வரவில்லை.

ஞாயிறு மத்தியானம் சூரிச்சிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. இரண்டு வீட்டாரும் பேசி முடித்தால் திங்கள் காணியை மாப்பிள்ளை பெயருக்கு எழுதுவதென்று ஏற்பாடு. வயலின் உறுதிப் பத்திரம் அப்பாவின் மடியில் மஞ்சள் பையில் இருந்தது. மாப்பிள்ளையின் தாய் முன்னால் இருந்து சிரித்தா. கோகுலன் பின்னால் குனிந்தபடி இருந்தான்.

பிள்ளை ஏதும் கேட்கப் போகிறாளோ என்று தாய் ஒப்புக்குக் கேட்டா. வினோஜா இரண்டு நாளாக ஒரு கேள்வியைத் தீட்டி வைத்திருந்தாள். அந்தக் காரில் பின்கியரே கிடையாது. மின்மோட்டர்தான் காரைப் பின்னுக்குத் தள்ளும், இஞ்சின் மூச்சுக் காட்டாது. ஓட்டிப் பார்க்காதவன் கட்டாயம் அதில் மாட்டுவான்.

“ரிவேர்ஸ் எடுக்கேக்க இஞ்சின் சத்தம் எப்பிடி இருக்கும்?” என்று கேட்டாள்.

கோகுலன் முதல்தரம் நிமிர்ந்து பார்த்தான். “சத்தமே வராது. அதில பின்கியர் இல்லை, மோட்டர்தான் இழுக்கும். பூனை மாதிரிப் பின்னுக்குப் போகும்.”

வினோஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேள்வி அவளுடைய கையிலேயே வெடித்தது. அப்பா பெருமையோடு மஞ்சள் பையைத் தடவினார். அந்தப் பெருமையைக் கண்டதும் கோகுலனின் முகம் மாறியது.

“மாமா, நான் ஒவ்வொரு நாளும் அதை ரிவேர்ஸ் எடுக்கிறனான். கார்க்கடை பூட்டேக்க எல்லாத்தையும் உள்ளுக்கு விட்டு, விடியக் கழுவி வெளியில விடுறது என்ர வேலை. கார் என்ரை இல்லை. நான் டிராமிலதான் போறனான்.”

 தாய், அவன் பகிடி விடுகிறான் என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தா. பகிடி இல்லையம்மா, படம் அனுப்பினது எனக்குத் தெரியாது என்றான் அவன். தில்லைநாதனின் கை உறுதியின்மேல் அப்படியே நின்றது. மனிசன் அழுதுவிடுவார் போலிருந்தது.

வினோஜா எழுந்து போய் அவர் மடியிலிருந்த பையை எடுத்தாள்.

“இதை அலுமாரிக்குள்ள வையுங்கோ அப்பா. ஒரு பரப்புக் காணியும் எழுத வேண்டாம். வெறுங்கையோட வாறதெண்டா இவர் வரட்டும்.”

தான் சொன்னது சம்மதம் என்பது அவளுக்கே பிறகுதான் விளங்கியது. திரையில் தாய் முகம் கறுத்து எழும்பிப் போய்விட்டா. கோகுலன் மட்டும் இருந்தான். வினோஜா கைபேசியை இன்னும் கிட்ட இழுத்துவைத்து, அந்தக் கார் அவ்வளவு விலைக்குப் பெறுமதியா என்று அவனைக் கேட்டாள்.

“இல்லை,” என்றான் கோகுலன். “கழுவிறவனுக்குத் தெரியும்.”