தினமும் எக்ஸ்ரே எடுக்கிறவர்

"இரும்புக்குள்ள விரிசல் இருந்தா உனக்கு எப்படிப்பா தெரியுது?" என்று மகள் ஒருமுறை கேட்டாள். கண்ணுக்குத் தெரியாத கதிரைப் பாய்ச்சி எக்ஸ்ரே எடுத்தால் குழாயே காட்டிக்கொடுத்துவிடும் என்றார் அப்பா. அதுதான் அவர் தொழில்.

போன வாரம் கதிர் கக்கும் குப்பி பெட்டிக்குள் திரும்பாமல் வெளியிலேயே சிக்கிக்கொண்டது. அருகில் போய்ச் சரிசெய்யவேண்டிய முறை கூட வேலைபார்க்கும் நெட்டையனுடையது. "உனக்கு இப்பதான்டா குழந்தை பொறந்திருக்கு, தள்ளு" என்று அவனை விலக்கிவிட்டு இவர் போனார். "என் வீட்டுல மூச்சு விடாத, பயந்துடுவா" என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் வாந்தி, வயிற்றுவலி. வாய்வழியே குழாய் விட்டு வயிற்றைப் பார்க்கவேண்டும், அதற்குத் தூங்கவைக்கவேண்டும் என்றார்கள். துணைக்கு மனைவியோடு நெட்டையனும் வந்திருந்தான்.

"சமீபத்துல எக்ஸ்ரே எடுத்தீங்களா?" என்று கேட்டார் மயக்க மருந்து டாக்டரம்மா.

"தினமும் எடுக்கிறேங்க. அதுலதான் சோறே."

"ஆமா, வீட்டுல ஒரு போட்டோ எடுக்கச் சொன்னா மட்டும் அதுல என் தலையை வெட்டிடுவாரு" என்றாள் மனைவி. டாக்டரம்மாவும் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நெட்டையன் சிரிக்கவில்லை. டாக்டரம்மா வெளியே வந்ததும் பின்னாலேயே போனான்.

"அவர் விளையாட்டாச் சொல்லிட்டாரு டாக்டர். போன வாரம் கதிர் அவர் மேலேயே பட்டுடுச்சு. எனக்குப் பதிலாப் போனாரு. சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். பாவம்னா அது என்னைச் சேரட்டும்."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "நல்லவேளை சொன்னீங்க. கதிர் பட்ட உடம்பு மருந்தை வழக்கம்போலக் கரைக்காமப் போகலாம். மத்தவங்களுக்குப் போடற அளவு இவருக்கு மூச்சையே அடக்கிடலாம். வாந்திக்கும் இதுதான் காரணமோ என்னவோ."

முதலில் ரத்தத்தைச் சோதித்தார்கள். அணுக்கள் குறைந்திருந்தன, ஆனால் தேற்றிவிடக்கூடிய அளவுதான். பிறகு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, மூச்சைப் பார்த்துப் பார்த்து ஏற்றினார்கள். பாதி அளவு போவதற்குள்ளேயே அவருக்குக் குறட்டை வந்துவிட்டது.

சோதனை முடிந்தும் வெகுநேரம் எழவில்லை. மனைவி அவர் பாதத்தைத் தேய்த்தபடி இறைவனை வேண்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் இமை அசைந்தது.

"என்ன, இன்னும் ஆரம்பிக்கலையா?"

"எல்லாம் முடிஞ்சு போச்சு! ஏங்க, என்கிட்ட மறைச்சா தெரியாமப் போயிடுமா? ரத்தத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சுட்டாங்க" என்று அழுதுகொண்டே சிரித்தாள். டாக்டரம்மா நெட்டையன் பேச்சையே எடுக்காமல் ஊசி ஏறிய அவர் கையைப் போர்வைக்குள் வைத்தார்.

கதவுக்கு வெளியே நின்றிருந்த நெட்டையன் உள்ளே நடந்த பேச்சைக் கேட்டான். கண்மூடி ஒரு நொடி கைகூப்பினான். பிறகு சத்தமில்லாமல் படியிறங்கிப் போனான்.