இரண்டாவது மாத்திரை

அன்று மதியம் பிரேக் மெக்கானிக் ஒன்றுக்கு இரண்டாக மாத்திரை போட்டுக்கொண்டான்.

லிஃப்ட் கம்பெனியின் பட்டறையில் பிரேக்குகளைப் பிரித்துப் பூட்டுவது அவன் வேலை. பாரம் அதிகம் என்றால் ஸ்பிரிங்கை இன்னும் ஒரு சுற்று இறுக்குவான். மாத்திரை வலிப்புக்கு; அது எட்டிப்பார்த்தே வெகுகாலம் ஆகியிருந்தது. ஆனால் இன்று காதலியின் வீட்டுக்குப் பெண் கேட்கப் போகிறான். போன இடத்தில் வந்து தொலைத்தால்? அதனால் மூளைக்கும் ஒரு சுற்று கூடுதலாக இறுக்கிவிட்டான்.

ரொம்ப இறுக்கிய லிஃப்ட் கிளம்பும்போதே முனகும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அவள் வீட்டு வாசலில் தரை ஊஞ்சலாடியது. வரவேற்க இரண்டு மாமனார்கள் நின்றார்கள். பொதுவாக இருக்கட்டும் என்று நடுவில் பார்த்து வணக்கம் வைத்தான். நடுவில் இருந்தது குடைத்தாங்கி.

அவள் அப்பா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஆடி வருபவர்களை நிறையப் பார்த்தவர்.

“குடிச்சிருக்கீங்களா தம்பி?”

“இழ்ழ ஷார்.”

“ஊதுங்க.”

ஊதினான். பற்பசை மணந்தது. “வாசனையே வராம குடிக்கிற ஆளா நீங்க? எங்க, அந்தத் தரைக்கோட்டு மேல நேரா நடங்க.”

கோடு நேராகத்தான் போயிற்று. அவன் திரைச்சீலைக்குள் போனான்.

கூட வந்திருந்த அக்கா பதறினாள். “நாள் பூரா லிஃப்ட்ல மேலயும் கீழயும் போய்ட்டு வர்றான் சார், அதான்…”

“மேலயும் கீழயும் போறவர் ஏம்மா பக்கவாட்டுல போறாரு?”

கதவருகே நின்ற காதலி முதலில் சிரித்துவிட்டாள். அதே கம்பெனியில், லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்தால் எடுத்துத் தைரியம் சொல்பவள் அவள். பிறகு முகம் சுண்டியது. “குடிக்க மாட்டேன்னு சொன்னீங்களே?”

வலிப்பைப் பற்றி அவளிடம் அவன் சொன்னதில்லை. இப்போது குடிகாரன் என்ற பெயரோடு திரும்பிப் போகலாம். நாளைக்கு மன்னிப்புக் கேட்டால் தீர்ந்துவிடும். உண்மையைச் சொன்னால் அவளே வேண்டாம் என்றுவிடலாம். அக்கா முதுகில் கிள்ளினாள், வாயைத் திறக்காதே என்று.

“எனக்கு வலிப்பு உண்டு,” என்றான். பிறகு பிரேக்கைப் பற்றிப் பேசும்போது வரும் உற்சாகம் தானாக வந்துவிட்டது. நாக்குகூடக் கொஞ்சம் நேரானது.

“மூளையில ஒரு செல் இன்னொரு செல்லை உசுப்பிக்கிட்டே இருக்கும் சார். அதை அடக்க காபான்னு ஒரு ரசாயனம். செல் சுவர்ல குட்டிக் கதவு ஒண்ணு. காபா வந்து தொட்டா கதவு திறக்கும், குளோரைடு உள்ள போகும், செல் ‘சரி, அப்புறம் பார்த்துக்கலாம்’னு அடங்கிடும். அடக்கறது பத்தலேன்னா எல்லாம் ஒரே தாளத்துல கத்த ஆரம்பிச்சிடும். அதான் வலிப்பு. வேற வழியில வேலை செய்யற மாத்திரையும் இருக்கு. என்னோடது, காபா தொட்டதும் கதவை அடிக்கடி திறக்க வைக்கும்.”

“குடிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?”

“குடியும் அதே கதவைத்தான் தள்ளுது சார்! அதான் நான் தொடறதே இல்ல. இன்னிக்குப் பயத்துல ரெண்டு போட்டேன். நடையைப் பார்த்துக்கற செல்லும் சேர்ந்து தூங்கிடுச்சு.”

அக்கா டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் போட்ட சத்தம் கூடம் முழுக்கக் கேட்டது. “மெக்கானிக் வேலையைப் பட்டறையோட வெச்சுக்கச் சொல்லுங்க! தனியா விடாதீங்க. எழுப்ப முடியாம தூங்கினா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வாங்க. பயந்துக்கிட்டு நாளைக்கு மாத்திரையை நிறுத்தினா அது இன்னும் ஆபத்து!”

போன் அடங்கியது. அவன் அவளைப் பார்க்கவே இல்லை.

“வலிப்பு வந்தா நான் என்ன செய்யணும்?” என்று கேட்டாள் அவள், போனில் பேசும் அதே நிதானக் குரலில்.

மந்தமாகியிருந்த மூளைக்குள் கேள்வி இறங்கச் சற்று நேரம் பிடித்தது. இறங்கியதும் காது வரை சூடேறியது. “ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். தலைக்கு மெத்துனு ஏதாவது. வாயில எதையும் திணிக்கக் கூடாது. அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ்.”

“வண்டி ஓட்டுவீங்களா?” என்றார் அப்பா.

“டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் தொடமாட்டேன் சார்.”

“ஓட்டமாட்டேன்னு தன் வாயால சொல்ற ஆளை இப்பத்தான்யா பார்க்கறேன்!” கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மனிதர் தரையில் நீட்டிப் படுத்தார். “சொன்னா மண்டையில ஏறாது. செஞ்சு பார்க்கணும். ம், திருப்பு!”

அவள் தோளைப் பிடித்து இழுத்தாள், அக்கா இடுப்பைத் தள்ளினாள். கூச்சம் தாங்காமல் அவர் தொப்பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார். “அப்பா, நீங்க நோயாளி! சும்மா கிடங்க!” ஒருவழியாகப் புரண்டார். சோபாவில் சாய்ந்திருந்த மெக்கானிக் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தான்.

அவள் மூச்சு வாங்கியபடி அவன் பக்கம் திரும்பினாள். “அடுத்து நீங்க. இறங்குங்க கீழ.”

“எனக்குத்தான் இப்ப வலிப்பு வரலையே?”

“கனம் தெரிய வேண்டாமா? காலம் பூரா திருப்பப் போறவ நான்தானே?”

“முதல்ல என்னை யாராவது தூக்கி விடுங்கப்பா,” என்றது தரையில் கிடந்த தொப்பை.