கடைசியாகத் தொட்டவர்

உலகம் முழுக்க ஜனங்கள் திறந்து வைத்திருக்கிற ஒரு பெரிய பிரவுசர். அதன் அடிவயிற்றில் வேலை பார்க்கிறவள் நான். மேலே பட்டன், கலர், பளபளப்பு எல்லாம் செய்கிறவர்கள் வேறு. அவர்களுக்கு மாநாட்டில் கைதட்டல் கிடைக்கும். நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தால் அதற்கு மெமரி கொடுத்து, மூடினால் திரும்ப வாங்கி வைக்கிற புரோகிராம் கோடு என் பொறுப்பு. அது ஒழுங்காக ஓடுகிறவரை அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. சறுக்கினால் பிரவுசர் பொசுக்கென்று மூடிக்கொள்ளும், என் பெயர் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்.

எப்படித் தெரியும் என்றால், எங்கள் புராஜெக்டில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு ஃபைலைக் கடைசியாக யார் தொட்டார்களோ, அதில் எது வெடித்தாலும் அவர்கள் தலையில்தான் விடியும். மனிதர்கள் யாரும் இதை முடிவு செய்வதில்லை. ஒரு புரோகிராம் செய்கிறது. அதற்கு நாங்கள் வைத்த பெயர் நாட்டாமை. நாட்டாமையிடம் அப்பீல் கிடையாது.

மெமரி ஃபைலின் நடுவில், பழைய ஆள் யாரோ பெரிய எழுத்தில் எழுதி வைத்த ஒரு குறிப்பு உண்டு: 'இங்கே கை வைக்காதே.' வேலைக்குச் சேர்ந்த புதிதில், நல்ல பெயர் எடுக்கலாம் என்று அந்த ஃபைலில் ஒரு சில்லறைத் திருத்தம் செய்தேன். அன்றிலிருந்து அது எனக்கு வந்த சீதனம். மற்றவர்கள் அந்தப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கவில்லை.

அதில் பிரவுசரைப் படுக்க வைக்கிற ஒரு க்ராஷ் இருந்தது. எப்போதாவது வரும், ஏன் வருகிறது என்று தெரியாது. புதுப் பதிப்பு ரிலீஸ் நெருங்கும்போதெல்லாம் சொல்லி வைத்த மாதிரி தலை காட்டும். ரிலீஸைத் தடுக்கிற க்ராஷ் யார் பெயரில் நிற்கிறதோ அவருக்கு லீவு கிடையாது. அந்தக் க்ராஷால் என் நிச்சயதார்த்தம் இரண்டு முறை தள்ளிப் போனது.

மாப்பிள்ளை கௌதம், வேறு தீவில் இருக்கிற ஹட் பேயில் மின்சாரத் துறை ஜூனியர் இன்ஜினியர். அவன் அப்பாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்ததால் கப்பல் ஏற முடியாது. நாங்கள்தான் போர்ட் பிளேரிலிருந்து போக வேண்டும். கௌதமை எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது. கரண்ட் போனால் ஊரே அவனைத் திட்டும், வந்தால் யாரும் அவனை நினைப்பதில்லை. அதனாலோ என்னவோ, என் வேலை என்னவென்று அவனுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவன் அம்மா பொன்னம்மாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. மூன்றாவது தேதி குறித்த பிறகு, ரிலீஸ் வாரத்தில், க்ராஷ் மறுபடி வந்தது. விஷயம் எப்படியோ ஹட் பே போய்ச் சேர்ந்து, உடனே போன் வந்தது.

"ஏம்மா வைஜெயந்தி, ரெண்டு வாட்டி மண்டபத்துக்குச் சொல்லி கேன்சல் பண்ணியாச்சு. மூணாவது வாட்டியும் கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னா, பஸ், ரிஷ்தா கத்தம், சம்பந்தம் முடிஞ்சுது. நான் வேற பொண்ணு பாத்துக்கிறேன்."

போனை ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் அப்பா சிவஞானம், எங்கள் குடியிருப்பான குட்வில் எஸ்டேட் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்: "கப்பல் டிக்கெட் பக்கா ஆயிருச்சு. ஜஹாஜ் உனக்காகத் துறைமுகத்து ஜெட்டியில நிக்காது. உன் வேலைய வேற எவன் தலையிலயாவது கட்டு."

அப்பா கோபத்தில் சொன்னார். எனக்கு அது யோசனையாகப் பட்டது.

எங்கள் டீம் லீட் நந்தகுமார் சென்னையில் இருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு வரி கோணலாக நின்றால் அவருக்குச் சோறு இறங்காது. அடுத்தவர் கோடில் கோணல் தெரிந்தால் திருத்தச் சொல்லிக் கேட்கக்கூடப் பொறுமை இருக்காது. தானே உள்ளே புகுந்து நேராக்கிவிடுவார். கல்யாண வீட்டில் மற்றவர் இலையைத் திருப்பிப் போடுகிற பெரியப்பா மாதிரி.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து மெமரி ஃபைலைத் திறந்தேன். ஒரு குறிப்பில் தேவையில்லாத வார்த்தையை எடுத்தேன். சமர்ப்பிக்க ஒரு சாக்கு வேண்டுமே. பிறகு 'கை வைக்காதே' குறிப்புக்குக் கீழே இருந்த வரியை, கண்ணை உறுத்துகிற அளவுக்கு வலது பக்கம் தள்ளினேன். அந்த வரி என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை. கோணலாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அனுப்பிவிட்டு டீ போடப் போனேன். டீ கொதிப்பதற்குள் நந்தகுமார் என் திருத்தத்தை அனுமதித்து, பின்னாலேயே தன் திருத்தத்தையும் அனுப்பிவிட்டார். கூடவே ஒரு செய்தி: "வைஜெயந்தி, இதெல்லாம் கவனிக்க மாட்டீங்களா? நானே சரி பண்ணிட்டேன். அப்ரூவ் பண்ணுங்க."

எங்கள் சட்டப்படி லீட் செய்த மாற்றத்தையும் இன்னொருவர் படித்துப் பார்த்து அனுமதிக்க வேண்டும். நான் அவர் பெயரை மட்டும் படித்துப் பார்த்தேன். அந்தப் பட்டனை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன் அழுத்தியதே இல்லை.

சாயங்காலம் அடுத்த க்ராஷ் ரிப்போர்ட் வந்தது, ஜனங்கள் கையிலிருந்த பழைய பதிப்பிலிருந்து. நாட்டாமை ஃபைலைப் பார்த்தது, கடைசியாகத் தொட்டவரைப் பார்த்தது, பொறுப்பாளர் நந்தகுமார் என்று தீர்ப்பு சொன்னது. என் பெயரில் ஒன்றும் பாக்கியில்லை. லீவு கேட்டேன். ரிலீஸ் அவசரத்தில் அவரும் எதையும் கவனிக்காமல் கொடுத்துவிட்டார்.

கப்பலில் சிக்னல் இல்லை. அம்மாவும் அப்பாவும் தாம்பூலச் சாமான்களுக்கு நடுவில் தூங்கினார்கள். நான் டெக்கில் நின்று, நந்தகுமார் அந்த ஃபைலோடு மல்லுக்கட்டுவதை நினைத்து நினைத்துச் சிரித்தேன். கொஞ்சம் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம்தான்.

ஹட் பேயில் நிச்சயதார்த்தம் நன்றாகவே நடந்தது. பொன்னம்மா என் நெற்றியில் குங்குமம் வைத்தபோது, "கம்ப்யூட்டர் எப்படிம்மா இருக்கு?" என்று சம்பந்தி வீட்டு நலம் விசாரிப்பது போலக் கேட்டார். "அச்சா இருக்கு அத்தை" என்றேன். தட்டு மாற்றிய பிறகு, பந்தியில் கௌதமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். டீம் குரூப் முழுக்கக் கைதட்டல்.

க்ராஷ் போய்விட்டதாம். நந்தகுமார் சரி செய்துவிட்டாராம். எத்தனையோ வருஷமாக யாருக்கும் பிடிபடாததை ஒரே பார்வையில் கண்டுபிடித்தாராம். அவருக்கு அவார்டுக்குச் சிபாரிசு செய்திருக்கிறார்கள்.

அவர் செய்த மாற்றத்தை அப்போதுதான் படித்தேன். பாயச டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி படித்தேன்.

'இந்த மெமரியை யாரும் உபயோகிக்கவில்லை என்றால்' என்று ஒரு நிபந்தனை. அதற்குக் கீழே ஒரு வரி, பட்டியலிலிருந்து அதை நீக்க. அப்புறம் அந்தப் பெரிய குறிப்பு. குறிப்புக்குக் கீழே இன்னொரு வரி, மெமரியைத் திரும்ப வாங்க. இரண்டு வரிகளையும் சேர்த்துக் கட்ட அடைப்புக்குறி இல்லாததால் நிபந்தனை முதல் வரியோடு முடிந்துபோனது. இரண்டாவது வரி, யாராவது உபயோகித்துக்கொண்டிருந்தாலும் மெமரியைப் பிடுங்கியது. நடுவில் குறிப்பு மறைத்ததால் அது தனி வரி என்றே எல்லோரும் நினைத்தோம். நான் அதை வலது பக்கம் தள்ளியதும், அது நிபந்தனைக்குள் சேர்ந்தது போலத் தெரிந்திருக்கிறது. நந்தகுமார் அழகுக்காக இரண்டையும் சேர்த்து ஓர் அடைப்புக்குறி போட்டிருக்கிறார். அவரும் என்ன செய்கிறோம் என்று பார்க்கவில்லை. நானும் பார்க்காமல் அனுமதித்தேன்.

ஒரு ஜோடி அடைப்புக்குறி! அதற்காக என் நிச்சயத்தை இரண்டு முறை தள்ளிப் போட்டிருக்கிறேன். நடந்ததைக் கௌதம் காதில் சொன்னேன். இலையில் சோறு சிதறுகிற அளவுக்குச் சிரித்தான்.

"அப்ப அது நீ பண்ணதுதானே? குரூப்ல சொல்லிரு."

"சொல்லத்தான் போறேன்" என்று தட்டச்சு செய்ய ஆரம்பித்தேன். 'உண்மையில் அந்த வரியை நகர்த்தியது...' அதற்குள் நந்தகுமாரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது.

"வாழ்த்துகள் வைஜெயந்தி. மெமரி ஃபைல்ல புதுசா வேற ஒரு க்ராஷ். என் பேர்ல வந்திருக்கு. அது இருக்கட்டும், ஃபைல் கடைசியில ஒரு வெற்று வரி விட்டுப்போயிருக்கு. பார்க்கவே நல்லா இல்ல. நீங்க சும்மா ஒரு நிமிஷம் வந்து சேர்த்துட்டுப் போங்களேன்."

இந்த மனிதர் ஒரு வெற்று வரிக்கு அடுத்தவரைக் கூப்பிடுகிற ஆளா? கடைசியாகத் தொட வைக்கிற தந்திரம் அவருக்கும் புரிந்துவிட்டது. எழுதிக்கொண்டிருந்ததை முழுக்க அழித்தேன். அவார்டு அவருக்கே இருக்கட்டும், ஃபைலோடு சேர்த்து.

போனில் சிக்னல் கோடுகள் நிறைந்து நின்றன. மெயின்லேண்டில் இருப்பவர்கள் ஹட் பேயைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புவார்கள். "சார், இங்க சிக்னலே இல்ல" என்று பதில் அனுப்பினேன். அனுப்பிய வேகத்திலேயே இரண்டு டிக்கும் நீலமாயின.

கௌதம் என் கையிலிருந்து போனை வாங்கி அணைத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "அடுத்து கேட்டா பவர் கட்னு சொல்லு. அதுக்கு நான் பொறுப்பு."