பல்லால் ஒயர் உரித்தவர்

ஒயர்மேனின் கருவிப்பெட்டியில் ஒயர் உரிக்கிற கட்டர் மட்டும் கிடையாது. ஆண்டவன் முன்பல்லைக் கொடுத்திருக்கும்போது காசு போட்டுக் கட்டர் வாங்குகிறவன் கையாலாகாதவன் என்பது அவர் கட்சி. கடித்து இழுத்து, தூவென்று துப்பினால் செம்பு பளபளவென்று வெளியே வரும். முப்பது வருஷம் இப்படித் துப்பியதில் முன்பல் இரண்டிலும் அரைவட்டமாக ஒரு பள்ளம். அதைப் பதக்கம் மாதிரி காட்டிக்கொண்டு திரிந்தார். பல் துலக்குவது அரை நிமிஷம். ரத்தம் வந்தால் பிரஷ்ஷைத் திட்டுவார்.

மனைவியின் தங்கை பல் டாக்டர். 'பல்பிடுங்கி' என்றுதான் அவளைக் கூப்பிடுவார். "பெரிய படிப்புக்கு இடம் கிடைக்காதவங்க வாய்க்குள்ள போய் உட்கார்ந்துட்டாங்க" என்று நாலு பேர் முன்னால் சொல்லித் தானே சிரித்துக்கொள்வார்.

அப்படிப்பட்டவருக்கு இதய வால்வு ஒன்று மக்கர் செய்தது. பாதி மாடிப்படியிலேயே மூச்சு வாங்கியது. வால்வை மாற்றும் ஆபரேஷனுக்கு நாள் குறித்த இதய டாக்டர், வாய் சுத்தமாக இருக்கிறதென்று பல் டாக்டரிடம் கடிதம் வாங்கி வந்தால்தான் கத்தியை எடுப்பேன் என்றுவிட்டார்.

"நெஞ்சைக் கிழிக்கப் போறவருக்கு வாயில என்ன வேலை?" என்று முனகிக்கொண்டே, மனைவியோடு மச்சினியின் கிளினிக்குக்குப் போனார்.

"ஒரு கையெழுத்து போதும்மா. இந்த நாற்காலி எல்லாம் வேண்டாம்."

"உட்காருங்க மாமா."

விளக்கைத் திருப்பி, வாய்க்குள் பார்த்தாள். கடைவாய் ஈறிலிருந்து இடுக்கியால் எதையோ உருவித் தட்டில் வைத்தாள். பச்சையாக ஒரு பிளாஸ்டிக் துணுக்கு.

"எர்த் ஒயர் தோலு" என்றார் அவர், நிபுணர் தோரணையில்.

"அக்கா, உன் வீட்டுக்காரர் வாய்க்கே எர்த் போட்டு வெச்சிருக்காரு."

"போட்டுமா இவ்வளவு ஷாக் அடிக்குது?" என்றாள் மனைவி.

தங்கை சிரிக்கவில்லை. "கடைவாய்ல மூணு பல்லு ஆடுது. ஈறுல சீழ். இந்தக் கிருமி ரத்தத்துல கலந்து புது வால்வுல ஒட்டிக்கிச்சுன்னா உயிருக்கே ஆபத்து, மாமா. பல்லை எடுத்து, ஈறைச் சுத்தம் பண்ணி, ஆறவிடணும். அதுவரைக்கும் கையெழுத்து கிடையாது."

"ஆபரேஷன் அடுத்த வாரம்."

"தள்ளி வெக்கச் சொல்லி நானே பேசறேன்."

"முப்பது வருஷமா ஒண்ணும் ஆகல. சொந்தக்காரன்கிட்டயே சட்டம் பேசறியா?"

"இந்தக் கிளினிக் திறக்கும்போது எர்த் சரியில்லைன்னு, கரண்ட் கனெக்‌ஷனுக்குக் கையெழுத்து போடாம ஒரு மாசம் இழுத்தடிச்சது யாரு? இருபது வருஷமா இந்தக் கட்டடத்துல ஒண்ணும் ஆகலையேன்னு நான் அழுதேன். 'ஆகிற வரைக்கும் ஒண்ணும் ஆகாதும்மா'ன்னு சொன்னது நீங்கதான்."

வேறு வழியில்லாமல், ஊரையே பேசித் தீர்த்த வாயைத் திறந்துகொண்டு சாய்ந்தார்.

மருந்து கொடுத்து, இரண்டு நடையில் மூன்று பல்லையும் எடுத்தாள். மரத்துப்போன வாயோடு அவர் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த மனைவி, "இந்த ஊசியை மாசாமாசம் போடலாமா?" என்று தங்கையிடம் கேட்டாள். கேட்டுவிட்டு அவர் கன்னத்தில் ஐஸ் பையை வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் கையெழுத்து விழுந்தது. கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தவரின் கண்ணில் மேசை விளக்கின் பிளக் பட்டது. உள்ளே ஒயர் தளர்ந்து ஆடியது. பார்த்துவிட்டுச் சும்மா போனால் அவர் ஒயர்மேன் இல்லை. பிளக்கைப் பிடுங்கிக் கழற்றினார். ஒயர் நுனி தானாக வாய்வரை போனது. அக்காவும் தங்கையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை மெல்ல இறங்கியது.

"கட்டர் ஏதாவது இருக்கா?" என்றார், சுவரைப் பார்த்து.

"கையாலாகாதவங்க வெச்சிருக்கிறதுதானே? உங்களுக்குன்னே வாங்கி வெச்சேன்." இழுப்பறையிலிருந்து எடுத்து நீட்டினாள். புதுசு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

அவர் வாங்கிக்கொண்டார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஓரத்தைப் பல்லில் வைத்துக் கடித்தார்.

மனைவி கத்தரிக்கோல் தேடப் போனாள்.